சாரைப்பாம்பு வடிவின் பாதரேகை

ஒரு காட்டில் எல்லாம் இருந்தன, கொள்கை மட்டும் இல்லை. மரம் இருந்தது, மழை இருந்தது, கோடையிலும் வற்றாத ஒரு சுனை இருந்தது. தாகம் எடுத்தவர்கள் போய்க் குடித்தார்கள், குடித்துவிட்டு வந்தார்கள். இதை யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை, ராஜாவான வேங்கைப்புலி பக்கத்துக் காட்டுக்கு விருந்துக்குப் போய்விட்டு வரும்வரைக்கும்.

பக்கத்துக் காட்டு ராஜா ஒரு கரடி. சாப்பாடு முடிந்ததும் அவர் பளபளப்பான ஒரு பலகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நகத்தால் தடவினால் மான்கள் எத்தனை, முயல்கள் எத்தனை, இன்றைக்குக் காலையில் யார் யார் தண்ணீர் குடித்தார்கள் என்று எல்லாம் அதில் வந்தது.

"உங்க காட்டுல எத்தனை மான் இருக்கு?" என்று கேட்டார் கரடி.

"பசிக்கிறப்போ ஒண்ணு கிடைக்குது," என்றார் புலி.

கரடி சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் இரக்கப்பட்டார். அதுதான் புலிக்குத் தாங்கவில்லை.

ஊர் திரும்பிய மறுநாளே மயில் நீலகண்டனைக் கூப்பிட்டு அனுப்பினார். நீலகண்டன்தான் அந்தக் காட்டிலேயே அதிகம் படித்தவர் என்று பெயர். என்ன படித்தார் என்று யாருக்கும் தெரியாது. ஏதாவது கேள்வி கேட்டால் தோகையை விரித்துவிடுவார். அத்தனை கண்கள் ஒரே நேரத்தில் பார்க்கும்போது கேட்டவருக்குத் தன் கேள்வி மறந்துபோகும்.

"நமக்கும் ஒரு தகவல் தொழில்நுட்பக் கொள்கை வேணும்," என்றார் புலி.

"எதுக்காகன்னு ஏதாவது நினைச்சு வெச்சிருக்கீங்களா ராஜா?"

"அதையும் நீயே எழுதிடு."

நீலகண்டன் நாற்பது பக்கம் எழுதினார். முதல் முப்பத்தெட்டுப் பக்கமும் வளர்ச்சியைப் பற்றி இருந்தது. கடைசி இரண்டு பக்கத்தில் விஷயம் இருந்தது. காட்டில் வாழும் எல்லோரும் தங்கள் பாதரேகையைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். சுனையைச் சுற்றி வேலி வரும், வேலியில் ஒரு கதவு வரும். கதவுக்குக் கீழே இருக்கும் கண்ணாடிப் பலகையில் பாதத்தை வைத்தால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கும். பறவைகளுக்கு இரண்டு கால்தான் என்பதை நீலகண்டன் மறக்கவில்லை. அவருக்கும் இரண்டுதானே. அதற்குத் தனியாக ஒரு பிரிவு எழுதியிருந்தார். மரவட்டையைக்கூட அவர் மறக்கவில்லை. அதன் எல்லாக் கால்களையும் பதிவு செய்ய நான்கு நாள் பிடித்தது.

பாம்பு மட்டும் யாருடைய நினைவிலும் வரவில்லை.

வடிவு ஒரு சாரைப்பாம்பு. ஏழடி நீளம். விஷம் கிடையாது, யாரிடமும் வம்புக்குப் போகிற வழக்கமும் கிடையாது. எலி கிடைத்தால் தின்பாள், கிடைக்காவிட்டால் சும்மா படுத்திருப்பாள். சட்டம் என்று ஒன்று வந்துவிட்டால் அதன்படி நடப்பதுதான் மரியாதை என்று நினைப்பவள். ஆகவே பதிவு தொடங்கிய முதல் நாளே நாவல் மரத்தடிச் சேவை மையத்துக்குப் போய் வரிசையில் நின்றாள். நின்றாள் என்றால் கிடந்தாள்.

"ஒரு ஆளு நாலு பேர் இடத்தை அடைச்சுட்டுக் கிடக்குது பாரு," என்று பின்னாலிருந்த காட்டுப்பன்றி சத்தம் போட்டது.

வடிவு வெட்கப்பட்டுச் சுருண்டுகொண்டாள். சுருண்டதும் அவளுக்கு முன்னால் நான்கு பேர் நிற்கும் அளவுக்கு இடம் உண்டாயிற்று. காட்டுப்பன்றி தன் மூன்று உறவினர்களோடு வந்து அதில் நின்றுகொண்டது.

மதியத்துக்குமேல் அவள் முறை வந்தது. மையத்தில் உட்கார்ந்திருந்தவள் செண்பகவல்லி என்ற மந்தி. நல்ல பெண். காலையிலிருந்து முந்நூறு பாதங்களைப் பார்த்திருந்ததால் முகங்களைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தாள்.

"காலை வைங்க."

"கால் இல்லையேம்மா."

"எந்தக் கால் இல்லை?"

"எந்தக் காலும் இல்லை."

செண்பகவல்லி பாதம் பதிகிற பெட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். தலையிலிருந்து வால்வரை பார்த்து முடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"எப்போலேருந்துக்கா?"

"பொறந்ததுலேருந்து."

"அப்போ விபத்துன்னு போட முடியாதே," என்றாள் செண்பகவல்லி. உண்மையாகவே வருத்தப்பட்டாள். விபத்தில் கால் இழந்தவர்களுக்கு ஒரு படிவம் இருந்தது. முன்பு கால் இருந்ததற்கான சான்றை அதோடு இணைக்க வேண்டும்.

"வாலை வெச்சுப் பார்க்கட்டுமா?"

"வைங்க, பார்ப்போம்."

வடிவு வாலை வைத்தாள். 'பாதம் தெளிவாக இல்லை. துடைத்துவிட்டு மீண்டும் வைக்கவும்' என்றது பெட்டி. புல்லில் நன்றாகத் துடைத்துவிட்டு வைத்தாள். 'குதிகால் தெரியவில்லை' என்றது. மூன்றாவது முறை பெட்டிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 'நீங்கள் உயிருள்ளவர் என்பதை உறுதி செய்ய நான்கு அடி நடந்து காட்டவும்' என்றது.

வடிவு நான்கு அடி ஊர்ந்து காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"புகார் கொடுக்கலாம்கா," என்றாள் செண்பகவல்லி. "அதுக்குத் தனியா பக்கம் இருக்கு. நீங்களே போய் எழுதிக்கலாம்."

"அந்தப் பக்கத்துக்கு எப்படிப் போறது?"

"பாதத்தை வெச்சா திறக்கும்." சொன்ன பிறகுதான் செண்பகவல்லிக்குப் புரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். பின்னால் ஓர் ஓணான் இருமியது. அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

வடிவு நேரே நீலகண்டனைப் பார்க்கப் போனாள். அது சின்ன விஷயமில்லை. மயில் இனத்தாருக்கும் பாம்பு இனத்தாருக்கும் உள்ள பழக்கவழக்கம் எல்லோரும் அறிந்ததே. பத்தடி தள்ளி ஒரு கல்லுக்குப் பின்னால் இருந்துகொண்டு தலையை மட்டும் நீட்டிப் பேசினாள். நீலகண்டன் பதவிக்கு வந்ததிலிருந்து மரியாதையைக் கடைப்பிடித்து வந்ததால், கொத்தாமல் கேட்டார்.

"உங்க இனத்துல மொத்தம் எத்தனை பேர்?"

"நாங்க கூட்டமா இருக்கிறதில்லைங்க. இந்தப் பக்கம் நானும் மண்ணுளிப்பாம்பு ஆவுடையக்காவும். மலைப்பக்கம் ஒரு விரியன் இருந்தாரு, இப்போ இருக்காரான்னு தெரியலை."

"பதிவுல எத்தனை பேர்?"

"பதிவுலதாங்க சேர்த்துக்க மாட்டேங்கிறாங்க."

"அப்போ பூஜ்யம்." நீலகண்டன் பொறுமையாக விளக்கினார். "பதிவுல ஒருத்தர்கூட இல்லாத இனத்துக்காகப் பெட்டியை மாத்தணும்னு நான் ராஜாகிட்ட போய்ச் சொன்னா, யாருக்காகன்னு கேட்பார். நான் யாரைக் காட்டுவேன்?"

"என்னைக் காட்டுங்க. இதோ இருக்கேனே."

நீலகண்டன் தோகையை விரித்தார். நீலமும் பச்சையுமாக நூறு கண்கள் வடிவைப் பார்த்தன. தான் எதற்காக வந்தோம் என்பது அவளுக்கு மறந்துபோயிற்று. வீட்டுக்குத் திரும்பும் வழியில் பாதி தூரம் வந்த பிறகுதான் நினைவு வந்தது. மறுபடி போய்க் கேட்கத் துணிவு வரவில்லை.

பங்குனி பிறந்தது. ஓடைகள் மண்ணாயின. வேலியின் வடக்கு மூலையில் மூங்கில்களுக்கு நடுவே ஒரு சிறு இடுக்கு இருப்பதை ஆவுடை கண்டுபிடித்தாள். சில நாட்கள் இருவரும் அதன் வழியாக நுழைந்து குடித்தார்கள். வடிவுக்கு அது பிடிக்கவேயில்லை. பிறந்ததிலிருந்து குடித்து வந்த தண்ணீரைத் திருட்டுத்தனமாகக் குடிக்க வேண்டியிருக்கிறதே என்று ஒவ்வொரு வாய்க்கும் கூச்சப்பட்டாள். ஆவுடைக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை.

'குடித்தவர்களின் பதிவைவிடத் தண்ணீர் கொஞ்சம் அதிகமாகக் குறைகிறது' என்று பெட்டி நீலகண்டனுக்குத் தெரிவித்தது. "கசிவு," என்று நீலகண்டன் முடிவு செய்தார். ஆட்கள் வந்து வேலி முழுவதும் களிமண் பூசினார்கள். இடுக்கு அடைபட்டது.

"நான் கிளம்பறேன் வடிவு," என்றாள் ஆவுடை. அவளுக்கு வயதாகிவிட்டது. பற்கள் எல்லாம் மழுங்கிப் போயிருந்தன. "கல்குவாரிப் பக்கம் பள்ளத்துல தண்ணி நிக்குதாம். நீயும் வா."

"எல்லாத்தையும் ஒரு மாசத்துல சரி பண்ணிடுவாங்கக்கா. புதுசுதானே."

ஆவுடை அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு காய்ந்த சருகுகளின் மேல் மெதுவாகப் போனாள். குவாரிக்கு அவள் போய்ச் சேர்ந்தாளா என்று இன்றுவரை தகவல் இல்லை. பதிவில் இல்லாதவள் என்பதால் யாரும் தேடவும் இல்லை.

வடிவு காலைப் பனியை இலை இலையாக நக்கினாள். வெயில் ஏற ஏற அதுவும் இல்லாமல் போயிற்று. செண்பகவல்லி ஒருமுறை சிரட்டையில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மறுநாள் மையத்தின் வாசலில் ஓர் அறிவிப்பு தொங்கியது. ஒருவர் பெயரில் பெற்ற தண்ணீரை இன்னொருவருக்குக் கொடுப்பது கொள்கைக்கு விரோதம். செண்பகவல்லிக்கு வேலை போய்விடுமோ என்ற பயம். வடிவே அவளை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தோல் உரிக்கும் பருவமும் வந்தது. உடம்பில் ஈரம் இருந்தால் பாம்புத்தோல் சட்டையைப்போலக் கழன்று வரும். வடிவுக்கு வரவில்லை. துண்டு துண்டாகக் கிழிந்து, பாதி உடம்பில் ஒட்டிக்கொண்டு நின்றது. கண்ணுக்கு மேலும் ஒரு படலம் மாட்டிக்கொண்டது. உலகம் புகைமூட்டமாகத் தெரிந்தது. ஒரு புதருக்கடியில் படுத்துக்கொண்டு, தான் என்ன தப்பு செய்தோம் என்று யோசித்தாள். கால் இல்லாமல் பிறந்ததைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை.

அங்கே அரண்மனையில் ஆண்டறிக்கை தயாராகிக்கொண்டிருந்தது. நீலகண்டன் காடு முழுவதும் கருத்துக் கேட்டிருந்தார். கேள்வி ஒன்றே ஒன்றுதான், 'பாதப் பெட்டியைப் பயன்படுத்த உங்களால் முடிகிறதா?' பதில் சொல்ல விரும்புகிறவர்கள் பாதப் பெட்டியில் பாதத்தை வைத்துச் சொல்ல வேண்டும். நூற்றுக்கு நூறு பேர் முடிகிறது என்று சொல்லியிருந்தார்கள்.

"இது மட்டுமில்லை ராஜா," என்றார் நீலகண்டன். "நம்ம காட்டுல பாம்புகள் எண்ணிக்கை பூஜ்யம். பாம்பைப் பத்தி வந்த புகார் பூஜ்யம்."

புலி தலையைச் சொறிந்தார். "பாம்பே இல்லையா? போன வாரம்கூட ஒண்ணைப் பார்த்த மாதிரி இருந்துச்சேப்பா."

"அது உங்க அனுபவம் ராஜா. இது தரவு."

புலிக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துவிட்டது. அன்று முழுவதும் அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டே நாளில் சுற்றுவட்டாரம் எங்கும் அறிவிப்பு பறந்தது. பாம்பில்லாத முதல் காடு, தொழில் தொடங்க வாருங்கள்!

ஆற்றுக்கு அப்பால் வயல்வெளியில் மாசிலாமணி என்ற பெருச்சாளி இருந்தார். அவருக்குக் கீழே மூவாயிரம் எலிகள் வேலை பார்த்தன. தானியம் சேமிப்பதுதான் தொழில். வயலில் வளை தோண்டினால் உழவு வந்து கலைத்துவிடுகிறது என்று வெகுநாளாக மேட்டு நிலம் தேடிக்கொண்டிருந்தார். அறிவிப்பைப் பார்த்ததும் அவருக்குக் கை கால் ஓடவில்லை.

அவர் மனைவி சிவகாமிக்கு மட்டும் சமாதானமாகவில்லை. "எதுக்கும் ஒரு தடவை நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்தா என்ன?"

"மூவாயிரம் பேரும் நேர்லதானே போகப்போறோம்?" என்றார் மாசிலாமணி. "நீ இன்னும் பழைய காலத்துலயே இருக்கியே. இதெல்லாம் பெட்டி சொல்ற கணக்கு. பெட்டிக்குப் பொய் சொல்லி என்ன ஆகணும்?"

வந்தார்கள். புலி தானே எல்லைக்குப் போய் வரவேற்றார். காட்டின் மேட்டு நிலம் முழுவதும் கிடங்குகளுக்குக் கொடுக்கப்பட்டது. தொழில் செய்கிறவர்கள் தண்ணீருக்காக வரிசையில் நின்று நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதால், சுனையிலிருந்து மூங்கில் குழாய் வழியாக வளைக்கே இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் போயிற்று. பாதம் வைக்க வேண்டியதில்லை. இதனால் காட்டுக்கு என்ன லாபம் என்று ஒரு முயல் கேட்டது. மூவாயிரம் பேருக்கு வேலை கிடைக்கும் என்றார் நீலகண்டன். யாருக்கு என்று முயல் கேட்பதற்குள் தோகை விரிந்துவிட்டது.

புதருக்கடியில் கிடந்த வடிவுக்கு முதலில் வந்தது வாசனைதான். எலி வாசனை இல்லை, ஈர வாசனை. கண் தெரியாமல் அதை நோக்கி ஊர்ந்தாள். நாக்கை நீட்டி நீட்டி வழி பார்த்தாள். உடம்பில் பாதி சட்டை முட்செடிகளில் மாட்டி இழுத்தது. நின்று மூச்சு வாங்கி மறுபடி ஊர்ந்தாள். கடைசியில் மூங்கில் குழாய் தலையில் இடித்தது. இரண்டு மூங்கில்கள் சேருமிடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. குழாய் போட்ட ஒப்பந்தக்காரர் அவசரத்தில் செய்த வேலை.

வடிவு வாயைத் திறந்து அப்படியே கிடந்தாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியாது. குடித்து முடித்து, சொட்டுக்கடியில் உடம்பைச் சுருட்டி நனைத்துக்கொண்டு, கரடுமுரடான ஒரு கல்லில் தலையைத் தேய்த்தாள். படலம் கழன்றது. அதைத் தொடர்ந்து மொத்தச் சட்டையும் உரிந்து வந்தது. புத்தம் புதிதாகக் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

எதிரில் மாசிலாமணி நின்றுகொண்டிருந்தார்.

"யாரும்மா நீங்க?"

"சாரைப்பாம்புங்க. பேரு வடிவு."

மாசிலாமணி பலகையை எடுத்துத் தடவிப் பார்த்தார். "இந்தக் காட்டுல பாம்பே இல்லையேம்மா."

"நான் இருக்கேனே."

"இல்லைம்மா. பாருங்க, பூஜ்யம்னு போட்டிருக்கு." பலகையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். குரலில் அனுதாபம் இருந்தது. "உங்களுக்கு வேற யாராவது தப்பாச் சொல்லியிருப்பாங்க. கேபிள் போட வந்த ஆளா நீங்க? நல்லா நீளமா இருக்கீங்க."

"சத்தியமா நான் பாம்புதாங்க. எலி திங்கிற பாம்பு."

"தரவு அப்படிச் சொல்லலையே," என்று சொல்லிவிட்டு மாசிலாமணி கிடங்கு வழியைக் காட்டினார். "உள்ள போங்க. நாலாவது வளையில கேபிள் வேலை இருக்கு."

வடிவு நேர்மையானவள். மூன்று முறை சொல்லியாயிற்று. அதற்குமேலும் சொல்லிக்கொண்டிருந்தால் தற்பெருமையாகிவிடும் என்று தோன்றியது. தவிர, அவள் சாப்பிட்டு இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. அவள் நாலாவது வளைக்குள் போனாள்.

அதற்குப் பிறகு அவள் வெளியே வர வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. தண்ணீர் இருந்தது. எலிகள் அவளைக் கண்டு ஓடவும் இல்லை. அறிவிப்பைப் படித்துவிட்டு வந்தவர்கள் அவர்கள், படித்தவர்கள். "நேத்து கேபிள் பக்கம் போன தணிகாசலம் எங்கே?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். விடுப்பில் போயிருப்பார் என்று சொல்லிக்கொண்டார்கள்.

சிவகாமிதான் முதலில் விழித்துக்கொண்டாள். "நம்ம ஆளுங்களை ஏதோ ஒண்ணு திங்குது. புகார் குடுங்க."

மாசிலாமணி பெட்டியைத் திறந்தார். 'உங்கள் புகார் எதைப் பற்றியது?' என்று கேட்டுவிட்டு அது மூன்று பதில்களைக் காட்டியது. தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை, மற்றவை. அவர் மற்றவையைத் தொட்டு, 'எலிகள் விழுங்கப்படுகின்றன' என்று எழுதினார். 'பாதிக்கப்பட்டவர் நேரில் வந்து பாதம் வைத்து உறுதி செய்யவும்' என்று பதில் வந்தது. மூன்று நாள் கழித்து இன்னொரு செய்தி வந்தது. 'பாதிக்கப்பட்டவர் வரவில்லை. உங்கள் புகார் திருப்திகரமாக முடித்துவைக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

சிவகாமி நட்சத்திரம் எதுவும் தரவில்லை. பிள்ளைகளையும் பேச்சைக் கேட்கிற ஒரு நாற்பது எலிகளையும் கூட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்து பழைய வயலுக்கே போய்ச் சேர்ந்தாள். அங்கே உழவு உண்டு, அறுவடை உண்டு, பாம்பும் உண்டு. ஆனால் பாம்பை அங்கே எல்லோரும் பாம்பு என்றுதான் சொல்வார்கள். பார்த்ததும் ஓடலாம். அவள் இன்றைக்கும் சுகமாக இருக்கிறாள்.

இதற்கிடையில், நான்கு காடுகள் சேர்ந்த சபையிலிருந்து நம் காட்டுக்குச் சிறந்த வளர்ச்சிக்கான விருது அறிவிக்கப்பட்டது. கரடி ராஜாவே நேரில் வந்து கொடுப்பதாக ஏற்பாடு. விருந்தாளிகள் கிடங்கைப் பார்ப்பார்கள் என்பதால் நீலகண்டன் முன்கூட்டியே சுற்றிப் பார்க்க வந்தார். நாலாவது வளை வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள் வடிவு. நன்றாகப் பருத்திருந்தாள். உடம்பு எண்ணெய் தடவியதுபோல மின்னியது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அருகில் கல் எதுவும் இல்லை. நீலகண்டனின் அலகு அவரை அறியாமலே பாதி திறந்தது. வடிவு அசையவில்லை. உண்டது செரிக்காததால் அசையவும் முடியவில்லை.

நீலகண்டன் ஓரடி எடுத்து வைத்தார். பிறகு யோசித்தார். பாம்பைக் கொன்றால் பாம்பு இருந்தது என்றாகும். பாம்பு இருந்தது என்றால் அறிக்கை தப்பு என்றாகும். அறிக்கை தப்பு என்றால் அதன் அட்டையில் இருக்கும் பெயர் அவருடையது.

அலகை மூடிக்கொண்டார்.

"வர்ற செவ்வாய்க்கிழமை விருந்தாளிங்க வர்றாங்க," என்றார். "அன்னைக்கு ஒருநாள் மட்டும் நீ கொஞ்சம்..."

"இல்லாம இருக்கணுமா?"

"ஆமா."

"எனக்குப் பழக்கம்தாங்க," என்றாள் வடிவு.

செவ்வாய்க்கிழமை விழா நடந்தது. மேளம் அடித்தார்கள். புலி கழுத்தில் மாலை விழுந்தது. மாசிலாமணியின் நிறுவனத்தில் மூவாயிரம் பேர் வேலை பார்ப்பதாகப் பெட்டி காட்டியது. போனவர்கள் யாரும் பாதம் வைத்து விடைபெறவில்லை என்பதால் அவர்கள் எல்லோரும் இன்னும் உள்ளேதான் இருந்தார்கள். ஒருவகையில் அதுவும் உண்மைதான். மேடையில் மாசிலாமணியும் பேசினார். ஆட்கள் குறைவதைப் பற்றிச் சொல்லத்தான் எழுந்தார், ஆனால் கைத்தட்டல் பலமாக இருந்ததால் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மறுவாரம் ஒருநாள் காலையில் அவர் வளையில் அமர்ந்து இன்னொரு புகார் எழுதிக்கொண்டிருந்தார். அது பாதியில் நின்றுவிட்டது. பாதியில் நின்ற புகார்கள் ஏழு நாளில் தாமாக அழிந்துவிடும்.

விழா முடிந்து கிளம்பும்போது கரடி ராஜா போகிறபோக்கில் ஒன்று கேட்டுவிட்டுப் போனார். "கால் இல்லாதவங்களுக்கு என்ன செஞ்சிருக்கீங்க? எங்க காட்டுல நாங்க புதுப் பெட்டி வாங்கிட்டோம்."

புலிக்கு மறுபடி அவமானமாகப் போயிற்று. அடுத்த மாதமே புதுப் பெட்டி வந்து இறங்கியது. வயிற்றை வைத்தால் போதும், செதில் வரிசையைப் பார்த்து ஆளைக் கண்டுகொள்ளும். செண்பகவல்லிக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிளைக்குக் கிளை தாவி, மூச்சிரைக்க மேட்டு நிலத்துக்கு ஓடிவந்தாள்.

"அக்கா! வடிவக்கா! வந்துடுச்சு! உங்களுக்குன்னே வந்திருக்கு! வயித்தை வெச்சாப் போதும்கா, முதல் பதிவு நீங்கதான்!"

வடிவு வெளியே வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள். அழகான பெட்டி. சிரட்டையில் தண்ணீர் கொண்டுவந்த நாளில் செண்பகவல்லியின் முகம் எப்படி இருந்ததோ அப்படியே இப்போதும் இருந்தது. வடிவுக்கு மனசு இளகியது.

"பதிவு பண்ணினா என்னம்மா ஆகும்?"

"பாம்பு ஒண்ணுன்னு எல்லார் பலகையிலும் வரும். அப்புறம் நீங்க தலை நிமிர்ந்து சுனையில தண்ணி குடிக்கலாம். யாரும் உங்களை இல்லைன்னு சொல்ல முடியாது."

அப்போது மேட்டுக்குக் கீழே சத்தம் கேட்டது. கிழக்கு வயலிலிருந்து புதிதாக ஒரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. ஐயாயிரம் எலிகள் இருக்கும். மூட்டை முடிச்சுகளோடு, குட்டி எலிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, விருது பெற்ற காட்டைப் பார்த்த மகிழ்ச்சியில் பாடிக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்த எலியின் கையில் பலகை இருந்தது. பாம்புகள் பூஜ்யம் என்று அதில் பெரிய எழுத்தில் தெரிந்தது.

வடிவு அவர்களைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். வயிற்றைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"சர்வர் வேலை செய்யலைன்னு எழுதிக்கோம்மா," என்றாள்.

நீதி: அரசாங்கப் பதிவேட்டில் உங்கள் பெயர் விட்டுப்போயிருந்தால் உடனே மனு எழுத உட்காராதீர்கள். உங்களுக்குப் பல் இருக்கிறதா என்று முதலில் தடவிப் பாருங்கள்.